கிணற்றடி மரத்துப் பூ

பீச் மரத்தில் பூ கழிப்பதற்கு ஒரே ஒரு விதிதான். மேல் பார்த்த பூவை உருவிப் போட வேண்டும், கீழ் பார்த்ததை விட்டுவிட வேண்டும். மேல் பார்த்த பூவில் பிடிக்கிற பழம் பெருத்ததும் கனம் தாங்காமல் உதிர்ந்துவிடும். கீழே தொங்குகிற பழம்தான் பெட்டிக்குப் போகும். நாம்சோல் ஊரில் பள்ளிக்கூடம் போகாத குழந்தைக்குக்கூட இது தெரியும். ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் ஓடையின் இரண்டு கரையும் மலையடிவாரம் வரைக்கும் ரோஜா நிறத்தில் பூத்துக் கிடக்கும்போது தேகு நகரத்திலிருந்து காரில் வந்து இறங்குகிறவர்கள் மரத்தடியில் நின்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள். ஊர்க்காரர்கள் நாள் முழுக்கக் கழுத்து வலிக்க அண்ணாந்துகொண்டுதான் இருப்பார்கள். ஆனால் பூ அழகாக இருக்கிறதா என்று கேட்டால் ஒருத்தருக்கும் சொல்லத் தெரியாது.

மான்சிக்கின் தோட்டத்தில் நானூறு மரங்கள். ஓடைப் பாலத்தைத் தாண்டியதும் முதல் வரிசை தொடங்கி வீட்டைச் சுற்றிக்கொண்டு மேட்டுக்கு ஏறும். அந்த வருஷம் பூ கழிக்க அவன் பெண்டாட்டி கில்ரேயும், கூலிக்கு உல்ஜின்காரியும் லானும் இருந்தார்கள். உல்ஜின்காரிக்கு அறுபத்தாறு வயது. உல்ஜினிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து நாற்பத்தைந்து வருஷம் ஆகியும் பிறந்த ஊர்ப் பெயர் அவளை விடவில்லை. லான் வியட்நாமிலிருந்து மூன்று வருஷத்துக்கு முன் மேலத்தெருவுக்கு மருமகளாக வந்தவள். பேச்சு நன்றாகவே வந்துவிட்டது. எதைக் கேட்கலாம் எதைக் கேட்கக்கூடாது என்பதுதான் இன்னும் வரவில்லை.

"ஏ மான்சிக் வீட்டம்மா," என்று ஏணி மேலிருந்து கூப்பிட்டாள் உல்ஜின்காரி. "ஒரு விஷயம். சொல்லலாமா கூடாதான்னு காலையிலேர்ந்து வாயை மூடிக்கிட்டு இருக்கேன்."

"நீங்களா? வாயையா?" என்றாள் லான்.

"நீ உன் மரத்தைப் பாருடி. கீழ் பார்த்ததை உருவிட்டு மேல் பார்த்ததை விட்டு வச்சிருக்கே. ஆடி மாசம் உன் தலையிலதான் விழும்."

கில்ரே சிரிக்கவில்லை. கட்டைவிரலை ஒரு கிளையோடு அழுத்தி மொட்டுகளைச் சரசரவென்று உருவிக்கொண்டே, "சொல்லுங்கக்கா," என்றாள். அவளுக்கு ஐம்பத்தெட்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால்வரை ஊரில் எல்லோரும் அவளைத் தாசொம் அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரே மகள், தாசொம். மகள் போன பிறகு அந்தப் பெயரைச் சொல்ல யாருக்கும் நாக்கு எழவில்லை. வேறு பெயர் வைத்துக் கூப்பிட்டும் பழக்கமில்லை. கொஞ்ச நாள் எல்லோரும் "இங்க பாரு", "ஏம்மா" என்று சமாளித்தார்கள். அப்புறம் மான்சிக் வீட்டம்மா என்றாயிற்று.

"உன் மக கனவுல வந்தாடி," என்றாள் உல்ஜின்காரி.

கில்ரேயின் கை நின்றது.

"நேத்து விடியக் காலையில. பாலத்துக்கு அந்தப் பக்கம் நிக்கிறா. அந்த மஞ்சள் மழைக்கோட்டு. என்னடி இங்கேயே நிக்கிறே, வீட்டுக்குப் போகலையான்னேன். ஒண்ணும் சொல்லல. குளிருது பெரியம்மான்னா. அவ்வளவுதான், முழிச்சிட்டேன்."

"முகம் எப்படி இருந்துது?"

"முகம் நல்லா இருந்துது. கொஞ்சம் பூசினாப்புலகூட இருந்தா."

கில்ரே மறுபடியும் பூவை உருவ ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் மேல் பார்த்தது கீழ் பார்த்தது என்று இல்லாமல் உருவினாள். அவளுக்குப் பொறாமையாக இருந்தது. வெட்கக்கேடுதான், ஆனால் பொறாமைதான். போஹாங்கில் இருக்கிற நாத்தனாருடைய கனவில் தாசொம் இரண்டு தடவை வந்துவிட்டாள், ஒரு தடவை சோறு கேட்டாளாம். இப்போது உல்ஜின்காரி கனவிலும் வந்துவிட்டாள். பெற்றவளுடைய கனவில் மட்டும் மூன்று வருஷமாக ஒரு நாள்கூட வரவில்லை. சாயங்காலம் ஏழு மணிக்கே படுத்துப் பார்த்தாள். மகளுடைய தலையணையை வைத்துப் படுத்துப் பார்த்தாள். கனவில் உரமூட்டை வந்தது, எப்போதோ செத்துப்போன நாய் வந்தது.

"பத்து மணி ஆகுது. நூடுல்ஸ் போட்டுக் கொண்டாறேன்," என்று சொல்லிவிட்டு ஏணியை விட்டு இறங்கினாள்.

அன்றைக்குத்தான் தாசொம் போன நாள். யாரும் அதைச் சொல்லவில்லை, கில்ரேயும் சொல்லவில்லை. கல்யாணம் ஆகாமல் போன பிள்ளைக்குப் படையல் கிடையாது. பெற்றவர்கள் பிள்ளைக்குக் கும்பிடுவது முறையும் இல்லை. தேகுவில் ஓர் அழகு நிலையத்தில் வேலை பார்த்த பெண், இருபத்து நாலு வயது. மழை நாளில் மஞ்சள் மழைக்கோட்டோடு ஸ்கூட்டர் சறுக்கிப் பேருந்தடியில் போனாள். கல்லறை வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். சாம்பலைக் காங்கு துறைமுகத்தில் கடலில் கரைப்பதாகச் சொல்லி மான்சிக் தனியாகத்தான் எடுத்துக்கொண்டு போனான். கில்ரே அப்போது ஆஸ்பத்திரியில் கையில் ஊசி குத்தியபடி படுத்துக் கிடந்தாள். ஆக அவளுக்குப் போய் நிற்க ஒரு மண்மேடு இல்லை, வருஷத்துக்கு ஒரு நாள் கும்பிடப் பெயர் எழுதி வைத்த ஒரு பலகை இல்லை.

அவளுக்கு இருந்ததெல்லாம் மெழுகுவத்தி செய்யும் சாமான்கள்தான். தாசொம் தேகுவில் ஞாயிற்றுக்கிழமைகளில் கற்றுக்கொண்டு, விடுமுறைக்கு வரும்போது சோயா மெழுகு, பருத்தித் திரி, வெப்பமானி என்று ஒரு பெட்டி நிறையக் கொண்டு வந்து சமையலறையில் இறக்கினாள். "நீ பூவும் தழையும் காயவச்சுக் குடும்மா, நான் செஞ்சு வித்துக் காட்டறேன்," என்றாள். நாற்பது மெழுகுவத்தி விற்றாள். ஐந்தாறு தடவை அம்மாவும் மகளும் இடுப்பில் துண்டு கட்டிக்கொண்டு மெழுகு காய்ச்சியிருக்கிறார்கள். மகள் போன முதல் வருஷம் அந்த நாள் வந்தபோது கில்ரே அந்தப் பெட்டியைத் திறந்தாள். ஒரு மெழுகுவத்தி செய்தாள். சாயங்காலம் வாசல் கதவைத் திறந்து வைத்துப் படிக்கல்லில் ஏற்றினாள். யாரிடமும் கேட்கவில்லை. இது படையல் இல்லையே, வெறும் விளக்குதானே, யாருக்கு என்ன என்று நினைத்துக்கொண்டாள்.

இப்போது அடுப்பில் இரண்டு பாத்திரம் இருந்தது. ஒன்றில் நூடுல்ஸுக்கு நெத்திலிச் சாறு கொதித்தது. இன்னொன்றில் சுடுதண்ணீருக்குள் வைத்த சின்னப் பாத்திரத்தில் மெழுகு உருகியது. விடியற்காலையிலேயே காலியான காகிதப் பால் பெட்டியில் மெழுகை ஊற்றி உறைய வைத்திருந்தாள். அடியில் போன வருஷத்து மாசிப்பச்சையும் புதினாவும் கசக்கித் தூவியிருந்தாள். காகிதத்தைக் கிழித்து எடுத்தால் வெள்ளைவெளேரென்று சதுரமாக வந்தது. இனி பூ ஒட்ட வேண்டும்.

கூட்டுறவுச் சங்கத்து நாட்காட்டியைப் பிரித்தாள். பக்கங்களுக்கு நடுவே ஒரு வாரமாக அழுந்திக் காய்ந்த பீச் பூக்கள். எல்லாம் கிணற்றடி மரத்துப் பூ. வீட்டுச் சுவரின் சூட்டுக்கு அந்த ஒரு மரம் மட்டும் மற்றதெல்லாம் பூப்பதற்கு ஐந்து நாள் முன்னால் பூத்துவிடும், நிறமும் ஒரு படி கூட. தாசொம் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷம் நட்ட மரம். ஏறி ஏறி அவள் ஒரு கிளையையே வழவழப்பாக்கி வைத்திருந்தாள். கில்ரே ஒவ்வொரு பூவாகச் சாமணத்தில் எடுத்து மெழுகின் பக்கவாட்டில் வைத்து, நெருப்பில் காட்டிய கரண்டியின் பின்பக்கத்தால் மெல்லத் தடவினாள். மெழுகு இளகிப் பூவைப் பிடித்துக்கொண்டது. "திரிக்கு ஒரு விரக்கடை தள்ளி வைம்மா, இல்லைன்னா பூ பத்திக்கும்," என்று மகள் சொன்னதை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வைத்தாள். பிறகு முழு மெழுகுவத்தியையும் உருகிய மெழுகில் ஒரு முக்கு முக்கி எடுத்தாள். பூவெல்லாம் பனிக்கட்டிக்கு அடியில் இருப்பதுபோல் மங்கலாகத் தெரிந்தது. நன்றாகத்தான் வந்திருந்தது. போன வருஷத்தைவிட நன்றாக வந்திருந்தது.

"என்னடி, சாறு பொங்கி வழியுது!" என்றபடி உல்ஜின்காரி உள்ளே வந்தாள். பின்னால் லான், கிம்ச்சி ஜாடியை எடுத்துப்போக.

கில்ரே அவசரமாக அடுப்பைத் தணித்தாள். உல்ஜின்காரி மேஜைமேல் இருந்ததைப் பார்த்தாள்.

"அழகா இருக்கே. விக்கவா?"

"இல்லக்கா." கில்ரே கொஞ்சம் தயங்கினாள். காலையில் கேட்ட கனவினால் மனசு இளகிக் கிடந்தது. "அவளுக்கு. இன்னைக்கு நாள். ஒவ்வொரு வருஷமும் வாசல்ல ஏத்தறேன். இருட்டுல வழி தெரியட்டும், ஒரு தடவை வந்துட்டுப் போகட்டும்னு."

உல்ஜின்காரியின் முகம் மாறியது. அந்த நேரத்தில் அவள் பேசாமல் நூடுல்ஸ் சட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் வாய் முந்திக்கொண்டது, ஆயுசு முழுக்க அப்படித்தான்.

"அதுக்குப் போயி பீச் பூவையாடி வச்சே?"

கில்ரேக்கு உடனே புரியவில்லை. லான்தான் கேட்டாள். "பீச் பூவுக்கு என்ன அத்தை?"

"உங்க ஊர்ல எப்படியோ. இங்க செத்தவங்க தட்டுல பீச் வைக்க மாட்டோம். ஆவி கிட்ட வராது. பேய் பிடிச்சவளை அந்தக் காலத்துல பீச் குச்சியாலதான் அடிப்பாங்க. வீட்டு முத்தத்துல மரம் வச்சா முன்னோர்கூடப் படையலுக்கு உள்ள வர மாட்டாங்கன்னு..." அங்கே வந்துதான் உல்ஜின்காரி தன் வாயைத் தானே கேட்டாள். நிறுத்திக்கொண்டாள்.

"பழத்தைத்தானே வைக்கக் கூடாது?" என்றாள் கில்ரே. குரல் சாதாரணமாக இருந்தது. "பழம்தானேக்கா? பூவுல என்ன?"

"ஆமாமா, பழம்தான். பூவுல ஒண்ணும் இல்ல."

"குச்சின்னீங்க."

"நான் ஒரு கிறுக்கி. வாய்க்கு வந்ததைச் சொல்றவ. நீ வேற."

"முத்தத்துல மரம் இருந்தாலே வர மாட்டாங்கன்னீங்க."

மான்சிக் வீட்டுக்கு இளைய மகன். முன்னோர் படையலெல்லாம் பக்கத்து ஊரில் அவன் அண்ணன் வீட்டில்தான். முப்பத்து நாலு வருஷமாகக் கில்ரே அங்கே போய்த்தான் பலகாரம் சுட்டிருக்கிறாள். தட்டில் பீச் வைக்கக்கூடாது என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? நன்றாகவே தெரியும். ஆனால் பீச் என்பது அவளுக்குக் காலையில் கழிப்பதும் மத்தியானம் பிஞ்சுக்குக் காகிதப் பை கட்டுவதும் ஆகஸ்டில் பெட்டியில் அடுக்குவதும். தன் வீட்டைச் சுற்றி நிற்கிற நானூறு மரமும் அந்தப் பழம் காய்க்கிற மரம்தான் என்று ஒரு நாளும் அவள் இரண்டையும் சேர்த்து நினைத்துப் பார்த்ததில்லை. தன் வீட்டுக்குச் செத்தவர் யாரும் வர வேண்டிய அவசியம் அதுவரை வந்ததில்லை.

"அதான் பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்னா," என்றாள்.

"அடியே!"

"மரம் பாலத்துலேர்ந்துதானே ஆரம்பிக்குது. அதுக்கு மேல வர முடியல. குளிருதுன்னு சொல்லியிருக்கா."

"அந்தக் கனவே பொய்டி!" என்று கத்தினாள் உல்ஜின்காரி. "நான் ஒரு கனவும் காணல. இன்னைக்கு நாளுன்னு எனக்குத் தெரியும். நீ மூஞ்சியைத் தூக்கி வச்சிட்டு ஏணி மேல நின்னே. மனசு ஆறட்டும்னு ஒரு பொய் சொன்னேன்."

"மழைக்கோட்டு மஞ்சள்னு எப்படித் தெரியும்?"

"ஊருக்கே தெரியும். பேப்பர்ல போட்டிருந்தான்."

கில்ரே அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். எது பொய் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. கனவு பொய்யா, கனவு பொய் என்பது பொய்யா? நாத்தனார் கண்டதும் பொய்தானா? லான் கிம்ச்சி ஜாடியைக் கையில் பிடித்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நெத்திலிச் சாறு வற்றிக் கரிந்தது. அன்றைக்கு யாரும் நூடுல்ஸ் சாப்பிடவில்லை.

மத்தியானம் கில்ரே தோட்டத்துக்குப் போகவில்லை. மெழுகுவத்தியை மறுபடியும் உருக்கிப் பூவை வடிகட்டி எடுத்துவிடலாம் என்று நினைத்தாள். வேறு பூ வைக்கலாம். பரணில் போன வருஷத்துக் காட்டுச் சாமந்தி ஒரு டப்பா இருந்தது. அடியில் போட்ட மாசிப்பச்சை ஞாபகம் வந்தது. அதையும்தான் கெட்டது அண்டக்கூடாதென்று வீட்டு வாசலில் கட்டுகிறார்கள். அதைக் காட்டியும்தான் துரத்துகிறார்கள். எதைத் தொட்டாலும் துரத்துகிற பொருளாகவே இருந்தது. அப்படியே எல்லாவற்றையும் கழித்துவிட்டு வெறும் மெழுகுவத்தி ஏற்றினாலும் வெளியே நானூறு மரம் நிற்கிறது. கடலிலிருந்து ஓடையோடு ஏறி வருகிற பெண் அதை எப்படித் தாண்டுவாள்? பூவை வைத்து வாசலில் ஏற்றி, கதவைத் திறந்து போட்டு, வா வா என்று இரண்டு வருஷமாக விரட்டியிருக்கிறேன் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை. தரையில் உட்கார்ந்தாள்.

பொழுது சாயும்போது மான்சிக் வந்தான். கடல் காற்று குளிர்ந்து அடித்தது. இரவு பனி இறங்கினால் பூவெல்லாம் கருகிவிடும் என்று அவன் தோட்டத்தில் பனியைக் கலைக்கிற பெரிய மின்விசிறிகளைச் சோதித்துவிட்டு வந்திருந்தான். வழக்கம்போல அரிசிக் கள் பாட்டிலை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய், தான் ஒரு கிண்ணம் குடித்து மரத்துக்கு ஒரு கிண்ணம் ஊற்றினான். இது மூன்று வருஷப் பழக்கம். குடிகாரனுக்குத் துணைக்கு ஆள் கிடைக்கவில்லை, மரத்தோடு குடிக்கிறான் என்று ஊரில் சிரிப்பார்கள். கூலிக்காரர்கள் ஏணியைச் சாய்த்தால்கூட அந்த மரத்தில் சாய்க்க விடமாட்டான்.

"தாசொம் அப்பா," என்றாள் கில்ரே. அவள் மட்டும் அந்தப் பெயரை விடவில்லை. "மரத்தையெல்லாம் வெட்டிடுங்க."

"எந்த மரத்தை?"

"எல்லாத்தையும்."

அவன் திரும்பிப் பார்த்தான். அவள் கையில் மெழுகுவத்தி இருந்தது.

"பூத்து நிக்குது. என்ன பேசறே நீ?"

அவள் சொன்னாள். உல்ஜின்காரி சொன்னது, கனவு, பாலம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"கிழவி வாயில மண்ணு," என்றான் கடைசியில். "அதெல்லாம் சும்மா. பேயாவது, பீச்சாவது."

"சும்மாதான்னா உங்க அண்ணன் வீட்டுத் தட்டுல ஒரு பீச் வைங்களேன் பாக்கலாம். வைப்பீங்களா?"

அவன் கள் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"வைக்க மாட்டீங்க. உங்க அப்பா வரணும், தாத்தா வரணும். என் பொண்ணு மட்டும் வர வேண்டாம்."

"ஏய்."

"முழுக்க வேண்டாம். பாலத்துலேர்ந்து வாசல் வரைக்கும் ஒரு வரிசை வெட்டுங்க. வழி விட்டாப் போதும். இந்தக் கிணத்தடி மரத்தை முதல்ல வெட்டுங்க, இதுதான் வாசலை அடைச்சிட்டு நிக்குது. நீங்க வெட்டலைன்னா நான் வெட்டறேன்." சொன்னவள் சும்மா இருக்கவில்லை. கொட்டகைக்குப் போய்க் கைரம்பத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். மெழுகுவத்தியைக் கிணற்று மூடிமேல் வைத்துவிட்டு, தாசொம் ஏறி ஏறி வழவழப்பாக்கிய கிளையில் ரம்பத்தை வைத்தாள்.

மான்சிக் ஓடிவந்து ரம்பத்தைப் பிடித்தான். ரம்பப் பல்லோடு சேர்த்துப் பிடித்தான். உள்ளங்கையில் ரத்தம் வந்தது.

"வெட்டாதே. அவ இங்கதான் இருக்கா."

கில்ரே அவனைப் பார்த்தாள்.

"நான் கடலுக்குப் போனேன். போகலைன்னு இல்ல. காங்கு துறைமுகத்துல பஸ்ஸை விட்டு இறங்கி நின்னேன். ஒரே நண்டுக் கடை. வா வான்னு கையைப் பிடிச்சு இழுக்கறானுங்க. அவளுக்கு நண்டு ஒத்துக்காது, உனக்குத் தெரியும்ல, உடம்பெல்லாம் தடிச்சுப் போயிடும். அங்க எப்படி விடறது? கடல்ல எந்த இடம்னு விடறது? அடுத்த பஸ்ல திரும்பி வந்துட்டேன். நீ ஆஸ்பத்திரியில இருந்தே. வீட்ல யாரும் இல்ல. இங்கதான் தோண்டினேன்." அவன் காலால் மரத்தின் தூரைக் காட்டினான். "வீட்டுப் பக்கத்துல இருக்கட்டும்னு. அடுப்புச் சத்தம் கேக்கும்ல."

"பீச் மரத்தடியிலயா?"

"எனக்கு ஞாபகம் வரல. அவ மரம்னுதான் தோணுச்சு. பீச் மரம்னு தோணல."

கில்ரேயின் கையிலிருந்து ரம்பம் நழுவியது. அவள் மரத்தைப் பார்த்தாள். பூவாய் நின்றது. மற்ற மரங்களைவிட நிறமாக, ஒரு இலைகூட இல்லாமல், அத்தனையும் பூ. அவள் வெகுநேரம் யோசித்துக்கொண்டு நின்றாள். என்ன யோசிக்கிறாள் என்று மான்சிக்குக்குத் தெரிந்திருந்தது. அதைத் தான் மட்டும் யோசித்து மூன்று வருஷமாக அவன் அந்த மரத்துப் பழத்தைத் தொடவில்லை. கேட்டால் பல் கூசுகிறது என்பான்.

"போன ஆகஸ்ட்ல," என்றாள் கில்ரே.

"விடு."

"இந்த மரத்துப் பழம்தான் இந்த வருஷம் தித்திப்புன்னு நான் சொன்னேன். இந்தப் படியிலதான் உக்காந்து தின்னேன். கையெல்லாம் வழிய வழியத் தின்னேன். உல்ஜின் அக்காவுக்கு ஒரு கூடை குடுத்தேன். மிச்சத்தைச் சர்க்கரையில போட்டு வச்சேன், இன்னும் நாலு பாட்டில் இருக்கு."

"விடுன்னு சொல்றேன்ல."

"நான் தின்னப்போ நீங்க பாத்துட்டுத்தானே இருந்தீங்க?"

"பாத்துட்டுத்தான் இருந்தேன்."

"ஏன் சொல்லல?"

மான்சிக் கையில் வழிந்த ரத்தத்தைக் கால்சட்டையில் துடைத்தான். "நீ சிரிச்சே," என்றான். "சாறு முழங்கை வரைக்கும் வழிஞ்சுதுன்னு சிரிச்சே. அவ போனதுக்கப்புறம் அன்னைக்குத்தான் சிரிச்சே. எப்படிச் சொல்றது?"

ஓடைப் பக்கத்திலிருந்து இருட்டிக்கொண்டு வந்தது. மெழுகுவத்தி கிணற்று மூடியின்மேல் அப்படியே இருந்தது. அதில் ஒட்டியிருந்த பூவும் அந்த மரத்துப் பூதான். துரத்துகிற பூ என்றுதான் காலையிலிருந்து அவள் பயந்தாள். இப்போது அந்தப் பூ எது என்று தெரிந்த பிறகு அதை ஏற்றுவதற்கும் அவளுக்குக் கை வரவில்லை. முந்தின இரண்டு வருஷமும் ஏற்றியது ஞாபகம் வந்தது. மெழுகு குழிந்து இறங்கும்போது ஓரத்துப் பூ ஒவ்வொன்றாகச் சுருண்டு கறுத்ததையும், நல்ல வாசனையாக இருக்கிறதே என்று தான் பக்கத்தில் போய் மோந்து பார்த்ததையும் நினைத்தாள். அந்த வருஷம் வாசலில் விளக்கு ஏறவில்லை. கதவும் திறக்கவில்லை. உரமூட்டைகூடக் கனவில் வரவில்லை, அவள் தூங்கவே இல்லை.

பனி இறங்கவில்லை. காலையில் வானம் தெளிந்திருந்தது, வேலைக்கு நல்ல நாள். உல்ஜின்காரி முந்தின நாள் செய்த காரியத்துக்குப் பரிகாரமாக மாசிப்பச்சைக் கொழுக்கட்டை ஒரு தூக்கு நிறையக் கொண்டு வந்தாள். பாலம் தாண்டும்போதே லானிடம், "இன்னைக்கு நான் வாயே திறக்க மாட்டேன், நீயும் திறக்காதே," என்று சொல்லிக்கொண்டுதான் வந்தாள். முற்றத்துக்கு வந்தவள் நின்றுவிட்டாள்.

கிணற்றடி மரத்தில் ஏணி சாய்ந்திருந்தது. கில்ரே மேலே நின்று பூ உருவிக்கொண்டிருந்தாள். பாதிக்கு மேல் மரம் மொட்டையாகிவிட்டது. கிளைகள் கறுப்புக் கறுப்பாகத் தெரிந்தன. மேல் பார்த்தது, கீழ் பார்த்தது, பக்கம் பார்த்தது, இன்னும் விரியாத மொட்டு, எதையும் அவள் விடவில்லை. உருவின பூ ஒன்றுகூடக் கீழே விழாதபடி இடுப்புத் துணியை மடித்துப் பிடித்து அதில் போட்டுக்கொண்டாள். மான்சிக் கையில் துணி சுற்றிக்கொண்டு ஏணியின் காலைப் பிடித்தபடி நின்றான்.

"அத்தை, கீழ் பார்த்ததை விடணும்," என்றாள் லான். "எல்லாத்தையும் எடுத்துட்டா இந்த வருஷம் காய்க்காதே?"

உல்ஜின்காரி அவள் கையைப் பிடித்து அமுக்கினாள். கில்ரே காதில் விழுந்ததோ இல்லையோ, திரும்பவில்லை. நுனிக் கிளைவரைக்கும் எட்டி எட்டி உருவினாள். வழவழத்த கிளையைக் கடைசிக்கு வைத்திருந்தாள். அதை உருவும்போது கை மெதுவாகப் போனது. அது முடிந்ததும் கீழே இறங்கினாள்.

இடுப்புத் துணி கனத்துத் தொங்கியது. கழித்த பூவை வழக்கமாக மரத்தடியிலேயேதான் போடுவார்கள். அவள் மரத்தடியைப் பார்த்தாள், போடவில்லை. ஓடைப் பக்கம் நாலடி நடந்தாள். தண்ணீர் கடலுக்குப் போகிறது என்று நினைத்தாளோ என்னவோ, திரும்பி வந்துவிட்டாள். சமையலறை வாசல்வரை போனாள். அடுப்பும் மெழுகுப் பாத்திரமும் கண்ணில் பட்டதும் அங்கிருந்தும் திரும்பினாள். முற்றத்தின் நடுவே நின்றாள். துணியின் இரண்டு முனையையும் இறுக்கிப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.

"தாசொம் அம்மா," என்றாள் உல்ஜின்காரி. மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெயர் அவள் வாயில் வந்தது. "கொண்டா, நான் வாங்கிக்கறேன்."

கில்ரே தலையை ஆட்டினாள். கொடுக்கவில்லை. மான்சிக் பக்கம் திரும்பினாள்.

"இதை எங்கங்க வைக்கிறது?" என்று கேட்டாள்.

மான்சிக்குக்கும் தெரியவில்லை.